பாய் போர்த்தியவர்களுக்கு விளக்கு எரியாது

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் சிதாலெகி அவர்களுக்கு,

வவாவுத் தீவிலிருந்து உங்கள் தங்கை புருஷன் கலாஃபி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் மெலியானேயும் வீட்டுப் பன்றிகளும் சுகம். அதுபோலவே ஆக்லாந்தில் நீங்களும் அக்காவும் உங்கள் புதுக் காரும் சுகமாயிருக்க ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனையிலும் வேண்டிக்கொள்கிறோம். காருக்காக உங்கள் தங்கை தனியாக வேண்டிக்கொள்கிறாள். ஏன் என்று பின்னால் வரும், பதறாமல் படியுங்கள்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அங்கே தேவாலய வாசலில் வேறு யார் வாயிலிருந்தாவது நீங்கள் கேட்டுச் சிரிப்பதைவிட என் கையெழுத்தில் படித்துச் சிரிப்பது எனக்கு மரியாதை. எங்கள் அரசாங்கக் கட்டடத்துக் கழிப்பறையில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது திடீரென்று உலகமே கறுத்துவிட்டது. சுவிட்சைத் தொட்டவர் யாருமில்லை, வெளியே ஒரு சத்தமில்லை. கண் போய்விட்டது என்று நினைத்தேன், அப்புறம் உயிரே போய்விட்டது என்று நினைத்தேன், போகிற இடத்துக்கு இந்தக் கோலத்திலா போய் நிற்க வேண்டும் என்று அழுகை வந்துவிட்டது. பயம் வந்தால் நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள், சாவு வீட்டில் பாடுகிற பாட்டு ஒன்றை அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டாவது அடி முடிவதற்குள் கதவுக்கு வெளியே ஒரு பெண்குரல் சேர்ந்தது, பிறகு கட்டைக் குரல்கள் சேர்ந்தன, கடைசியில் வெனிலாத் துறை முழுவதும் நடைவழியில் நின்று நாலு குரலிலும் பிரித்துப் பாடிக்கொண்டிருந்தது. யாராவது பாட ஆரம்பித்தால் ஏன் எதற்கு என்று கேட்காமல் சேர்ந்துகொள்வதுதானே நம் வழக்கம். எல்லாச் சரணமும் முடிந்து, எங்கள் தலைமை அதிகாரி லோசலினே அம்மாள் நீளமாக ஒரு ஜெபமும் செய்து, எல்லாரும் ஆமென் சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். உள்ளே யார், என்ன ஆச்சு என்று கதவைத் தட்டிக் கேட்க ஒரு ஜீவன் இல்லை. நான் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றேன். விளக்கு தானாக எரிந்தது. அதுதான் மச்சான் எங்கள் கட்டடத்துக்கு வந்திருக்கிற புது வியாதி. அதற்குப் பெயர் மின்சாரச் சிக்கனம்.

இந்தக் கட்டடத்தில் என் வேலை அணைப்பது என்று உங்களுக்குத் தெரியும். கீழே தபால், மேலே வெனிலாத் துறை. காலையில் பூட்டைத் திறப்பேன். சாயங்காலம் எல்லாரும் போனபின் அறை அறையாகப் போய் விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைப்பேன். நடுவில் என்ன செய்வாய் என்று போன தடவை வட்டமாக உட்கார்ந்து கவா வேர்ச்சாறு குடிக்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டீர்கள், இப்போது சொல்கிறேன்: நடுவில் அணைப்பதற்கு ஆயத்தமாவேன். பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததைவிடப் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்தது குறைவு. எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, இதையும் பெருமையாகவே செய்துவந்தேன்.

அப்படியிருக்க, அரசாங்கக் கட்டடங்களெல்லாம் மின்சாரத்தைத் தின்று ராஜ்ஜியத்தையே காலி செய்கின்றன என்று தலைநகரில் யாரோ கண்டுபிடித்து, ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்துவர சைமோனே என்கிற இளைஞரை அனுப்பினார்கள். நல்ல பையன். கழுத்தில் ஒரு வெப்பமானி, கையில் ஒரு பலகைக் கணினி, முகத்தில் எப்போதும் யாரோ காலை மிதித்த மாதிரி ஒரு பார்வை. வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, ஏசி ஓடுது, கதவு ஏன் தெறந்து கெடக்கு?"

"சாத்துனா வர்றவங்க என்ன தம்பி நெனப்பாங்க? போங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"குளிரெல்லாம் வெளிய போகுதே!"

"அது போனாத்தானே உள்ள குளிரா இருக்குன்னு வர்றவங்களுக்குத் தெரியும்."

அவர் குனிந்து பார்த்தார். வாசற்படியில் தபால்காரர் வீட்டுத் தாய்ப்பன்றி குட்டிகளோடு குறுக்கே படுத்திருந்தது. உள்ளேயிருந்து வரும் காற்று சரியாக அதன் வயிற்றில்தான் படும். அந்த இடத்தை அது வேறு எந்தப் பன்றிக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"இது?"

"வெளிய வெயில் தம்பி."

மேலே போய் ஏசியைப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பதினாறுல வெச்சிருக்கீங்களே அண்ணே!"

"அதுக்குக் கீழ போக மாட்டேங்குது தம்பி. நாங்களும் அமுக்கிப் பாத்துட்டோம்."

அவருக்கு விளக்கிச் சொன்னேன், தலைநகரத்துப் பையனுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். இடுப்பில் பாய் சுற்றாமல் அரசாங்க வேலைக்கு வருவது துணியில்லாமல் வருவது மாதிரி. பாய் சுற்றினால் கீழ்ப்பாதி வேகும். அதற்காக ஏசி. ஏசி போட்டால் மேல்பாதி நடுங்கும். அதற்காக லோசலினே அம்மாள் ஆக்லாந்திலிருந்து தருவித்த கம்பளிச் சட்டை. கம்பளி போட்டால் மறுபடி வேகும், அதற்காக மின்விசிறி. எல்லாம் கணக்காகத்தான் நடக்கிறது என்றேன். சைமோனே பலகையில் ஏதோ தட்டினார், பிறகு தட்டியதையெல்லாம் அழித்துவிட்டு வெறுமனே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கப்பலில் கண்கள் வந்தன. அவர் சென்சார் என்றார், நாங்கள் கண் என்கிறோம். வெள்ளையாக, உரித்த முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி, அறைக்கு ஒன்றாகக் கூரையில் ஒட்டினார்கள். கழிப்பறையையும் விடவில்லை. உடம்புச் சூடு அசைந்தால் கண்ணுக்குத் தெரியும், உடனே விளக்கும் ஏசியும் ஓடும். ஆள் இல்லை என்றாலோ, இருந்தும் அசையவில்லை என்றாலோ தானாக நின்றுவிடும். எல்லாம் மாட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கிய சைமோனே என்னைப் பார்த்து, பாவம், கெட்ட எண்ணத்தில் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"இனிமே நீங்க எதுக்கு அண்ணே?"

லோசலினே அம்மாளும் அப்போதுதான் அதை யோசித்தவர் போல என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஆமா கலாஃபி, நீ எதுக்கு?" பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "மழைக்காலம் வரைக்கும் இரு. கண்ணு ஒழுங்கா வேல செஞ்சா அப்பறம் பாக்கலாம். ஒனக்கு ஆக்லாந்துல மச்சான் இருக்காரு இல்ல? பெரிய வீடாமே?" என்றார்.

மச்சான், இதை நான் உங்கள் தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணன் வீட்டுல கராஜ் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு உங்கள் வீட்டு அளவெல்லாம் அவள் வாயில் மனப்பாடம். அக்காவின் தையல் இயந்திரத்தை எங்கே நகர்த்துவது, துணி உலர்த்தும் கயிற்றை எந்த ஜன்னலிலிருந்து எந்த மரத்துக்குக் கட்டுவது, எல்லாம் முடிவாகிவிட்டது. நான் ஏதோ உங்களுக்காகப் பரிந்து, "கராஜ்ல நமக்கு எடம் பத்துமா?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கராஜ்ல நாம எதுக்குப் படுக்கறோம்? அண்ணன் படுப்பாரு. தங்கச்சி இருக்கற கூரைக்குக் கீழ அண்ணன் தூங்குனா ஊரு என்ன சொல்லும்?"

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் உங்களை நினைத்துக் கவலை. அவள் சொல்வது நியாயம்தானே, ஆக்லாந்தானாலும் நம் முறையில் அண்ணனைவிடத் தங்கைதானே உசத்தி. தங்கையைக் கராஜில் படுக்கவைத்துவிட்டு அண்ணன் கட்டிலில் படுத்தான் என்று தெரிந்தால் அந்தத் தேவாலயத்தில் உங்களுக்கு யார் பாட்டுப் புத்தகம் நீட்டுவார்கள்? நீங்கள் உடற்பயிற்சி செய்ய வாங்கி, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே அந்த இயந்திரம், அதற்கும் காருக்கும் நடுவே அந்த வயிற்றோடு நீங்கள் எப்படிப் புரண்டு படுப்பீர்கள் என்று யோசித்து யோசித்து எனக்கே தூக்கம் கெட்டது. ஆக, என் வேலை நிலைப்பதில் என்னைவிட உங்களுக்குத்தான் அக்கறை இருக்க வேண்டும்.

கண் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. சாயங்காலம் நான் அணைக்கப் போனால் எல்லாம் ஏற்கெனவே அணைந்திருக்கும். நான் உள்ளே போனதும் என்னைப் பார்த்துவிட்டு எல்லாம் எரியும். நான் வெளியே வந்து காத்திருந்து எட்டிப்பார்ப்பேன், அணைந்திருக்கும், சரியாக அணைந்ததா என்று உள்ளே போய்ப் பார்ப்பேன், எரியும். இப்படியே நானும் அதுவும் இருட்டுகிறவரை. மீட்டர் நான் இருந்தால் ஏறுகிறது, நான் இல்லாவிட்டால் இறங்குகிறது என்று லோசலினே அம்மாள் கவனித்துவிட்டார். வேண்டுதலெல்லாம் இனி காருக்குத்தான் என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள், கராஜிலிருந்து அதை வெளியே நிறுத்தினால் மழையில் துருப்பிடிக்கக் கூடாதாம்.

அந்த நேரத்தில்தான் தொகிலுபே அத்தை கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்தார். நல்ல சாவு, நிறைய வயது, கடைசிவரை எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனார். அவருக்கு எத்தனை தம்பிகள் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் அந்தத் தம்பிகள் பெற்றதுகள், மீதிப்பேர் அந்தப் பெற்றதுகளைக் கட்டிக்கொண்டதுகள். லோசலினே அம்மாளிலிருந்து கீழே முத்திரை குத்துகிறவர் வரை எல்லாருக்கும் அவர் அத்தை. அத்தை என்றால் அப்பாவுக்கும் மேலான முறை, அதனால் அவர் செத்தால் மருமக்கள் கீழ்ப்பக்கம். கீழ்ப்பக்கம் என்றால் இடுப்பில் சின்னதாகச் சுற்றிக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. வீட்டிலேயே பழசான, பெரிய, கிழிந்த பாயை எடுத்துக் கணுக்காலிலிருந்து காதுவரை சுற்றிக்கொள்ள வேண்டும், முடியை முகத்தில் விரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அடக்கம் முடிந்து திங்கட்கிழமை கட்டடத்துக்குள் வந்தவர்கள் ஆட்களாக வரவில்லை, காய்ந்த தென்னை மட்டைக் குவியல்கள் படியேறி வருகிற மாதிரி வந்தார்கள்.

உட்கார்ந்தார்கள். நான் பூட்டைத் திறந்தபோது எரிந்த விளக்கு அணைந்தது.

"யாரு அணைச்சது?" என்றது லோசலினே அம்மாளின் பாய்.

"நான் இல்லம்மா" என்றது வெனிலா எடை போடும் மோஸெசேயின் பாய்.

கையை ஆட்டுங்கள் என்று யாரோ சொன்னார்கள். கை பாய்க்குள் இருந்தது. தலையை ஆட்டிப் பார்த்தார்கள், முடிதான் ஆடியது. ஏசியும் நின்றுவிட்டது. பாயை அவிழ்க்கலாம் என்று ஒரு குரல் கேட்டது, அது யார் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அத்தைக்கு அவமரியாதை செய்யச் சொன்ன குரல் அது. இருட்டில் வெந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அப்போது நான் வாளியோடு உள்ளே போனேன். எல்லாம் எரிந்தது.

ஏன் தெரியுமா? அந்தக் கட்டடத்திலேயே சின்னப் பாய் கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். அத்தைக்கும் ஓர் அத்தை உண்டு அல்லவா, அந்த அத்தையின் வழி நான். அதனால் செத்தவருக்கு நான் மேல்பக்கம். அடக்கத்தன்று எனக்குத்தான் முதல் கிழங்கு, எனக்குத்தான் பன்றியின் நல்ல பாகம், இடுப்பில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மெல்லிய பாய், மேலே மெல்லிய சட்டை, அதைப் பிதுக்கிக்கொண்டு உங்களுக்குச் சளைக்காத என் வயிறு. கூரையிலிருந்த கண் அந்த வயிற்றைப் பார்த்து மலர்ந்துவிட்டது. பாய்க்குள் வெந்துகொண்டிருப்பவர்களை அது மனிதராகவே கணக்கில் எடுக்கவில்லை.

"கலாஃபி" என்றார் லோசலினே அம்மாள், அந்தக் குரலில் அவர் என்னை அதற்கு முன் கூப்பிட்டதே இல்லை. "போகாத. கொஞ்சம் அங்கயே நில்லு."

நின்றேன். அசையாமல் நின்றால் அணைந்துவிடும் என்பதால் அவ்வப்போது வயிற்றைக் குலுக்கினேன். கீழே தபாலிலிருந்து ஆள் வந்தது, அங்கேயும் இருட்டாம், தபால்தலை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று தெரியவில்லையாம், கலாஃபியைக் கொஞ்சம் அனுப்புங்கள் என்று. நான் கீழே போனேன், கீழே எரிந்தது, மேலே அணைந்தது. மேலேயிருந்து கூச்சல். மறுநாளிலிருந்து இதுவே வேலை மச்சான். நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் என்னோடு நுழையும், கிழிந்த பாய்களெல்லாம் என் பக்கம் திரும்பி, "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று முனகும். வேதாகமப் படங்களில்கூட இவ்வளவு வரவேற்பை நான் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒக்காருங்கண்ணே, பழம் சாப்புடுங்கண்ணே" என்பான் மோஸெசே. போன வருஷம்வரை என்னை 'டேய் வாளி' என்று கூப்பிட்டவன்.

"இல்லப்பா, தபால்ல கூப்புடறாங்க."

"அங்க என்ன இருக்கு, வெறும் பசை. இங்க தர்பூசணி வெட்டி வெச்சிருக்கோம். தராசு முள்ளு கண்ணுக்கே தெரியலண்ணே, வெனிலான்னு நெனச்சு என் பேனாவ நானே எடை போட்டுட்டேன்."

"கேக்கும்போது மரியாதையா கேக்கணும்."

"மேல்பக்கத்துப் பெரியவரே, கீழ்ப்பக்கத்து நாய்க்குக் கொஞ்சம் வெளிச்சம் போடுங்க."

உட்கார்ந்தேன். தர்பூசணி நன்றாக இருந்தது.

மீட்டர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? விழுந்துவிட்டது. எனக்கு ஒரு வயிறுதான், அது ஒரு நேரத்தில் ஓர் அறையில்தான் இருக்க முடியும். நான் இருக்கிற அறை தவிர மற்றதெல்லாம் இருட்டு. ராஜ்ஜியத்திலேயே இவ்வளவு குறைவாக மின்சாரம் குடிக்கிற அரசாங்கக் கட்டடம் வேறு இல்லை, மீட்டர் பழுதா, கட்டடம் விழுந்துவிட்டதா என்று தலைநகரில் குழம்பி, சைமோனேயைத் திரும்ப அனுப்பினார்கள். அவர் வந்தபோது நான் கீழே தபாலில் இருந்தேன். அவர் நேராக மேலே போனார். கதவைத் திறந்தார், அவர் சாதாரண ஆள்தானே, கண் அவரைப் பார்த்து விளக்கைப் போட்டது, அறை முழுக்க உட்கார்ந்திருந்த பாய்கள் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பின. அவர் போட்ட சத்தத்தில் வாசற்படிப் பன்றி எழுந்து நடந்துபோய்விட்டது, அதுவரை அது யாருக்காகவும் எழுந்ததில்லை.

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம்.

"யாரு செத்தது?" என்றார்.

"அத்தை."

"யாருக்கு அத்தை?"

"எல்லாருக்கும்" என்றன பாய்கள்.

அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. தான் வெளியே போய் நின்றுகொண்டு, அறை இருட்டானதும் மோஸெசேயைப் பாயோடு குதிக்கச் சொன்னார். குதித்தான். தரை ஆடியது, கீழே ஏதோ அலமாரி சரிந்தது, விளக்கு அசையவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு உள்ளே ஒரு காலை மட்டும் வைக்கச் சொன்னார். வைத்தேன். எரிந்தது. காலை எடுத்துக்கொண்டு காத்திருந்தோம். அணைந்தது. மறுபடி வைத்தேன். சைமோனேயின் முகத்திலிருந்து அந்தக் கால்மிதிபட்ட பார்வை முதல்முறையாக மறைந்தது.

"கதவ மூடச் சொன்னேன், மூடல. பதினாற ஏத்தச் சொன்னேன், ஏத்தல. இது மட்டும் எப்படி அண்ணே? கட்டடத்துக்கு ஒரே ஒரு ஆளு. அவரு எங்கயோ அங்க மட்டும் மின்சாரம். உலகத்துல எவனும் இப்படிப் பண்ணது இல்ல."

லோசலினே அம்மாள் எல்லாம் தான் முன்பே யோசித்துச் செய்ததுதான் என்று பாய்க்குள்ளிருந்து சொன்னார்.

ராஜ்ஜியத்தின் சிறந்த சிக்கனக் கட்டடம் என்று தலைநகரிலிருந்து எங்களுக்கு மரச்சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று வந்தது. அதைப் பெரிய அறையில் மாட்டினோம், நான் போனால்தான் எல்லாருக்கும் தெரியும். கூடவே எனக்கும் ஒரு கடிதம் வந்தது. என் வேலை போகவில்லை மச்சான், உயர்ந்துவிட்டது. "கட்டட மின்சார ஒழுங்கு அலுவலர்" என்று பதவி. நிரந்தரம். மேல்பக்கத்து உறவுக்காரர் ஒருவரை ஒவ்வோர் அரசாங்கக் கட்டடத்திலும் நியமிக்கலாமா என்று மேலிடத்தில் யோசிப்பதாக சைமோனே காதோடு சொன்னார். உங்கள் தங்கை என் பதவிச் சேதியைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, உங்கள் வீட்டு ஜன்னல்களுக்குத் திரைத்துணி வெட்டிவிட்டாளாம்.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. துக்கம் முடிந்தால் பாய் இறங்கிவிடும். லோசலினே அம்மாள் படித்தவர், அதற்கும் வழி கண்டார். அத்தைக்கான துக்கம் நிதியாண்டு முடியும்வரை நீட்டிக்கப்படுகிறது என்று ஓர் உத்தரவு ஒட்டினார். அத்தை மேல் இவ்வளவு பாசமா என்று ஊரே கண்ணீர் விட்டது. அதற்குப் பின்னாலும் வேண்டுமே என்று, அத்தையின் தம்பிகளில் கடைசியாக உயிரோடு இருக்கும் ஃபொலாவு பெரியவரை அலுவலகமாகச் சேர்ந்து போய் நலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அவர் போனாலும் இதே பெரிய பாய்தானே. போகும்போதெல்லாம் நல்ல கொழுப்பு ஆட்டுவிலாவாகப் பார்த்து வாங்கிப்போவார்கள்.

"எப்படி இருக்கீங்க சித்தப்பா?"

"கல்லு மாதிரி இருக்கேன். காலையிலதான் மரம் ஏறி எறங்குனேன்."

"ஓ" என்பார் லோசலினே அம்மாள். அந்த ஓவில் இருந்த வருத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் கொழுப்பு வெச்சுக்குங்க சித்தப்பா. நடக்காதீங்க. படுத்தே இருங்க."

பெரியவர் ஆட்டுவிலாவைத் தின்று தின்று பளபளவென்று ஆகிவிட்டார். அவரைப் பற்றி யாரும் அவசரப்படவில்லை, நிதியாண்டு முடிய இன்னும் நாளிருக்கிறது.

ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான்: நிம்மதியாக இருங்கள். கராஜ் உங்களுடையது, கார் உள்ளேயே நிற்கட்டும், கட்டில் உங்களுடையது, அதில் குறுக்காகவே படுங்கள். உங்கள் தங்கை வாய் திறந்து கேட்டால் இல்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் கிடையாது என்று எனக்குத் தெரியும், அதனால் அவள் கேட்கவேண்டிய நிலைமையே வராமல் என் வயிற்றால் உங்களைக் காப்பாற்றிவிட்டேன். இதற்கு நன்றியாக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். டின் இறைச்சி ஒரு பெட்டி அனுப்பினாலும் தப்பில்லை, பெரிய டின்.

ஆண்டவர் உங்கள் வீட்டுக் கூரையையும் அதன் கீழ் தூங்குகிறவர்களையும், அதாவது உங்களையும் அக்காவையும், நீடூழி காக்கட்டும். உங்கள் சர்க்கரை குறையட்டும், சம்பளம் கூடட்டும், உங்கள் அணி ஒரு ஆட்டமாவது ஜெயிக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கமும் மெலியானேயின் முத்தமும்.

என்றும் உங்கள் கட்டிலுக்குக் காவலன்,
கலாஃபி
(கட்டட மின்சார ஒழுங்கு அலுவலர்)

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் போன செவ்வாய்க்கிழமை வரை உண்மை. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடப்போன அன்று ஃபொலாவு பெரியவர் தானே நடந்து கட்டடத்துக்கு வந்துவிட்டார். தன் பேரனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும், துக்கத்தோடு கல்யாணம் நடத்த முடியாது என்பதால் எல்லாரும் பாயை இறக்க வேண்டும் என்றும், நிதியாண்டு வரை காத்திருக்க மணப்பெண்ணின் நிலைமை இடம் கொடுக்காது என்றும் சொன்னார். மருமக்களெல்லாம் அங்கேயே பாயை அவிழ்த்தார்கள். பாய்க்குள் இத்தனை பேர் இருந்தார்களா என்று கண்ணுக்கே ஆச்சரியம், கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்தது, எல்லா ஏசியும் ஓடியது, மீட்டர் சுற்றிய வேகத்தில் தலைநகரிலிருந்த சைமோனேயைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. பத்திரத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், மரச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமாம். லோசலினே அம்மாள் என்னைப் பார்த்து மறுபடியும், "இனிமே நீ எதுக்கு கலாஃபி?" என்றார். உங்கள் மகளின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு வர வாங்கிய விசா இன்னும் உயிரோடு இருப்பதை மெலியானே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். தபாலைவிட நாங்கள் சீக்கிரம் வந்துவிடுவோம் என்பதால் கடிதத்தைக் கையிலேயே கொண்டுவந்துவிட்டேன். இப்போது உங்கள் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன், நீங்களும் அக்காவும் வேலைக்குப் போயிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாவி கொடுத்தார், நல்ல மனிதர். உங்கள் தலையணையும் போர்வையும் கராஜுக்குப் போய்விட்டன, கார் வெளியே நிற்க இடம் ஒழித்து வைத்திருக்கிறோம். கடிதத்தை நீங்கள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி கூடத்துக் கண்ணாடி மேசைமேல் வைக்கலாம் என்றிருந்தேன். உங்கள் தங்கை செருப்பைக் கழற்ற அதன்மேல் உட்கார்ந்தாள், கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டோம். கடிதம் குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கிறது.